நீல உடுப்பின் எடை

ஜிப் அக்காவின் கடை கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் சாவி வெட்டும் கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை. நடுவில் கிடைத்த ஆறடி அகலத்தில் ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, துணி மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. புதுத்துணி தைக்கும் கடை இல்லை இது. நீளமான பேன்ட்டை வெட்டி மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, இளக்குவது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இவைதான் வேலை. அதிலும் ஜிப்பில் அவள் கை ராசியானது. மூன்று கடைகளில் "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று கைவிட்ட பையைக்கூட அவள் கால் மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஜிப் அக்கா.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு தையலைக் கட்டைவிரலால் தடவினாலே அது மெஷின் தையலா கைத்தையலா, எத்தனை முறை பிரித்துத் தைத்தது என்று சொல்லிவிடுவாள். சாவிக்காரர் ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"இந்தப் பேன்ட் பாக்கெட்ட நான் தச்சேனா, என் வீட்டுக்காரி தச்சாளா, சொல்லுங்க பாப்போம்."

அக்கா தடவிப் பார்த்தாள். "அவங்கதான். நீங்க தச்சிருந்தா ஊசிய உள்ளயே விட்டுட்டு வந்திருப்பீங்க."

ஜெராக்ஸ் கடைப் பெண் சிரித்த சிரிப்பில் மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது.

சிரிப்பும் பேச்சும் கடையோடு சரி. வீட்டில் அவளுக்கு வேறு கணக்கு, தண்ணீர்க் கணக்கு. அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அவள் கணவர் கப்பல் கட்டும் இடத்தில் இருபது வருடம் பெயின்டராக இருந்தவர். கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை சுரண்டுவது, பூசுவது. முதுகு போனது. முதுகுக்கு வலி மாத்திரை தின்று தின்று சிறுநீரகமும் போனது. ஆறு வருடமாக திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடையில் அவர் குடிக்கும் தண்ணீர், சாப்பாட்டில் இருக்கும் தண்ணீர் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அதை மெஷின்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதை எடை சொல்லும். அவருடைய சரியான எடை அறுபத்தொரு கிலோ. அறுபத்து மூன்று என்று முள் காட்டினால், இரண்டு கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்த அறை ஐஸ்பெட்டி மாதிரி குளிரும். உடம்பிலிருந்து மெஷினுக்குப் போய்த் திரும்பும் ரத்தமும் குளிர்ந்துதான் திரும்பும். அவர் பல் நடுங்குவதைப் பார்க்க முடியாமல் அக்கா ஒரு பழைய மெத்தை விரிப்பைப் பிரித்துப் பஞ்சடைத்து நீல நிறத்தில் ஒரு சட்டையும் பேன்ட்டும் தைத்தாள். ஊசி குத்தும் இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஜிப். துவைக்கப் போட்டால் மாற்றுக்கு வேண்டுமே என்று அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஆஸ்பத்திரி எடை மெஷினிலேயே வைத்து நிறுத்தார்கள். இரண்டும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு கிலோ. அன்றிலிருந்து அவருடைய தாளின் தலைப்பில் சிஸ்டர் எழுதி வைத்துவிட்டார்: "நீல உடுப்பு, இரண்டு கிலோ கழிக்கவும்." அவர் அந்த உடுப்போடு ஏறி நிற்பார், சிஸ்டர் இரண்டைக் கழிப்பார், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் யாரும் அந்த உடுப்பைத் திரும்ப நிறுக்கவில்லை.

சுற்றுலாக் கப்பல் விஷயத்தை ஆரம்பித்தது மகள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், பல் செட் செய்யும் படிப்புக்கு இடம் கிடைத்து, மூன்று மாதத்தில் வேறு ஊர் விடுதிக்குப் போகப் போகிறாள். போவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயாவது போய்வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். ஆறு வருடமாக அவர்கள் இரண்டு நாளுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. எங்கே போனாலும் மூன்றாம் நாள் மெஷின் கூப்பிடும்.

அவள் கொண்டுவந்த தாளில் ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்கள் இருந்தன.

முதலாவது சாதாரணக் கப்பல். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, திங்கட்கிழமை காலை திரும்பும். ஜன்னல் இல்லாத உள் அறை, சாப்பாட்டுக்கு வரிசை. வெள்ளி டயாலிசிஸ் முடித்து ஏறினால், திங்கள் டயாலிசிஸுக்கு இறங்கிவிடலாம்.

இரண்டாவது பிரீமியம். ஐந்து இரவு. பால்கனி வைத்த அறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலுக்குள்ளேயே இரண்டு டயாலிசிஸ் மெஷின், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். பிரச்சனை விலைதான். சாதாரணக் கப்பலுக்கு அக்காவின் நாலு மாத வருமானம் போகும். பிரீமியத்துக்குப் பத்து மாதம். அந்த அதிகப்படி ஆறு மாதம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மகளின் முதல் வருடப் படிப்புக்கு என்று எடுத்து வைத்ததில் இருக்கிறது.

பெயின்டர் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இருபது வருஷம் இதுங்களுக்கு மேக்கப் போட்டு விட்டிருக்கேன். ஒருத்தியாச்சும் உள்ள வான்னு கூப்பிட்டிருப்பாளா?"

"இப்பக் கூப்பிடுறாப்பா," என்றாள் மகள். "பிரீமியம் போலாம். படிப்புக்கு நான் லோன் போட்டுக்கறேன்."

"லோனும் வேணாம், ஒண்ணும் வேணாம். பால்கனி எதுக்கு? கடல நான் பலகையில தொங்கிக்கிட்டே பாத்தவன். சாதாரணமே போதும்."

"அங்க மெஷின் இல்லயேப்பா."

"சனி, ஞாயிறு வீட்டுல மட்டும் மெஷின் இருக்கா? வாரா வாரம் அதே இடைவெளிதானே? வீட்டுல கெடக்குறதுக்குப் பதிலா கப்பல்ல கெடக்கப் போறேன்."

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். வீட்டில் கடைசி வார்த்தை அவளுடையது. அவளுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிந்தது. பிரீமியம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் விடுதியில் போய் நிற்கப்போகும் மகளின் முகம் குறுக்கே வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

பெயின்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அப்போது மனைவியின் முகத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

எந்தக் கப்பலானாலும் "இவர் பயணம் செய்யலாம்" என்று டாக்டர் கடிதம் தர வேண்டும். டாக்டர் ஒல்லியானவர், பேச்சும் ஒல்லி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெஷின் இருக்கிற கப்பல்னா இன்னிக்கே லெட்டர் தர்றேன். இல்லாததுன்னா யோசிக்கணும். உங்களுக்குத் திங்கட்கிழமை எப்பவும் ரெண்டே முக்கால் கிலோ ஏறுது. கப்பல்ல உப்புச் சாப்பாடு, தாகம், இன்னும் ஏறும். இதயமும் முன்ன மாதிரி இல்ல. மூணு திங்கட்கிழமை பாக்கலாம். மூணு தடவையும் ஏத்தம் ரெண்டு கிலோவுக்குள்ள இருந்தா சாதாரணக் கப்பலுக்குத் தர்றேன்."

"ரெண்டுக்குள்ளதானே, காட்டுறேன்," என்றார் பெயின்டர்.

டயாலிசிஸ் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி வாத்தியாருடையது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெயின்டருக்கு முன்பே, எட்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார்.

"பிரீமியம்னா என்னய்யா? அவ்வளவு காசு குடுத்துக் கப்பல்ல ஏறி, அங்கயும் இதே நாற்காலியில கால நீட்டிப் படுக்கறதா? அதுக்கு இங்கயே படு. நான் வேணா பக்கத்துல உக்காந்து அலை மாதிரி சத்தம் போடறேன்."

"நீங்க போடற குறட்டையே அலை மாதிரிதான் சார் இருக்கு."

"சிரி சிரி. கணக்குப் போட்டுப் பாரு. அதிகப்படி காசுக்கு உனக்குக் கிடைக்கறது ரெண்டு தடவை டயாலிசிஸ். உலகத்துலயே விலை கூடின டயாலிசிஸ் அதுதான்."

பெயின்டர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கணக்கு அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கடையில் ஒரு பேன்ட்டின் காலை மடிக்கும்போது, இரண்டு தடவை மெஷினுக்கு ஆறு மாத உழைப்பா என்று தோன்றும். அடுத்த காலை மடிக்கும்போது, அவர் உயிருக்கு அது ஒரு பெரிய தொகையா என்று தோன்றும். இரண்டு கால்களும் ஒரே நீளத்தில் வந்தன. முடிவு மட்டும் வரவில்லை. கப்பல் கம்பெனிப் பெண் இரண்டு முறை போன் செய்து கேட்டாள். இரண்டு முறையும் யோசித்துச் சொல்வதாகவே சொன்னாள்.

முதல் திங்கட்கிழமை வந்தது. அக்கா கடையை மகளிடம் விட்டுவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பினாள்.

"நீ எதுக்கு? கஸ்டமர் திரும்பிப் போயிடுவாங்க. எடை என்ன, கல்யாண ஊர்வலமா, கூட வந்து பாக்க?"

அவர் மட்டும் போனார். பத்து மணிக்குப் போன் வந்தது. "ஒண்ணு புள்ளி ஒம்போது!" குரலில் அப்படி ஒரு துள்ளல். அக்காவுக்கு நம்ப முடியவில்லை. அந்த மூன்று நாளும் தண்ணீர் பாட்டிலில் அவள் நகப்பாலிஷால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி அவர் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லா வாரமும் அப்படித்தானே குடிப்பார்? மனுஷன் வைராக்கியமாக இருந்தால் உடம்பும் கேட்கும்போல என்று எண்ணிக்கொண்டாள்.

இரண்டாம் திங்கள், இரண்டு கிலோ சரியாக. மூன்றாம் திங்கள், ஒன்று புள்ளி எட்டு.

இடையில் சில விஷயங்கள் அவள் கண்ணில் பட்டன. படாமல் இல்லை. புதன்கிழமைகளில் எடை வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டியது. ஒரே முறையில் அவ்வளவும் எடுக்க முடியாமல் மீதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார்கள். "திங்கட்கிழமை சாமியாரு, புதன்கிழமை சாப்பாட்டு ராமன்," என்று வாத்தியார் கேலி செய்ததாக அவரே வந்து சொன்னார். அவர் தலையணை உயரமாகியிருந்தது. படிக்கட்டில் பாதி ஏறி நின்று, சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தைத் தடவி, "என்னா மட்டமான வேலை பாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். முன்னெல்லாம் சுவரைப் பார்த்து அவர் நின்றதில்லை. அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை; நீல உடுப்பைக்கூட அவரே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டார். பள்ளி திறக்கும் நேரம், சீருடைப் பேன்ட்டுகள் மலைபோல் கிடந்தன. தவிர, உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எண்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. முடிவை அவள் எடுக்க வேண்டியதில்லை, எடை மெஷினே எடுத்துவிடும் என்று ஒரு நிம்மதி.

மூன்றாம் திங்கட்கிழமை டாக்டர் சாதாரணக் கப்பலுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா ரவிக்கைக்குள் வைத்திருந்த பர்ஸோடு கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கடல். போனில் பேசிய பெண் இவள்தான். அவளது கோட்டின் தோளில் தையல் பிரிந்து நூல் தொங்கியதை அக்கா பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டாள்.

"கடைசியா கேக்கறேன் மேடம். பிரீமியம் வேணாமா? சார் மாதிரி ஆளுங்களுக்காகவே பண்ணினது."

"இல்லம்மா. டாக்டரே லெட்டர் குடுத்துட்டாரு. மூணு வாரமும் நல்லா இருந்துச்சு. அதிகமா குடுத்து என்ன ஆகப்போகுது?"

அதைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மகளின் பணம் தப்பித்தது. அவர் ஆசையும் நிறைவேறுகிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு வாழ்க்கை கொஞ்சம் கருணை காட்டுகிறது என்று நினைத்தாள். பர்ஸைத் திறந்தாள். போன் அடித்தது.

"அம்மா, அப்பாவால மூச்சு விட முடியலம்மா. உக்காந்துக்கிட்டே மூழ்குற மாதிரி பண்றாரும்மா. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு, நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அவசரப் பிரிவில் அவளை உள்ளே விடவில்லை. வெளியே நீல பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் மகள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கிருந்து வந்தது அவ்வளவு தண்ணீர் என்று அக்காவுக்குப் புரியவில்லை. நேற்றுத்தானே எல்லாவற்றையும் எடுத்தார்கள்?

டயாலிசிஸ் சிஸ்டர் மேல் மாடியிலிருந்து ஓடிவந்தார். உடனே மெஷினில் போடுகிறோம் என்றார். போகும்போது நின்று திரும்பினார்.

"அக்கா, வீட்டுல அவருக்கு ஜுரம் ஏதாச்சும் இருந்துச்சா? மூணு வாரமா திங்கட்கிழமை மட்டும் குளிருது குளிருதுன்னு ரெண்டு போர்வ கேட்டு வாங்குவாரு. புதன், வெள்ளி கேக்க மாட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

"அந்த உடுப்புக்குள்ள குளிராதே சிஸ்டர்," என்றாள் அக்கா.

சொன்ன வாய் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தாள். "திங்கட்கிழம போட்டுட்டுப் போன உடுப்பு எங்க?"

"வீட்டுல கொடியில காயுதும்மா. எதுக்கு இப்ப?"

"போயி எடுத்துட்டு வா. செருப்ப மாட்டிக்கிட்டுப் போ."

வீடு பக்கம்தான். அரை மணி நேரத்தில் மகள் பையோடு வந்தாள். அக்கா சட்டையை மடியில் போட்டாள். பார்வைக்கு அதே நீலச் சட்டை. முதுகுப்பக்க உள் மடிப்பில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். ஒரு சாண் தூரத்துக்கு அவள் தையல். அதற்குப் பிறகு அவள் தையல் இல்லை. மெஷின் ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு விட்டு, ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடித் தைத்த கைத்தையல். அவசரமே இல்லாத தையல். பலகையில் உட்கார்ந்து ஒரு விரிசல் விடாமல் பூசிப் பழகிய கைக்குத்தான் அப்படி ஒரு பொறுமை வரும். வாத்தியார் வீட்டில் கொடுத்துத் தைத்திருந்தாலோ, கடையில் கொடுத்திருந்தாலோ அவள் இவ்வளவு உடைந்திருக்க மாட்டாள். அது அவர் கை என்று விரல் சொல்லிவிட்டது.

முதுகு, இரண்டு கை, பேன்ட்டின் தொடை. எல்லா இடத்திலும் உள்ளே பஞ்சு இல்லை. இரண்டு துணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது?" என்றாள் மகள்.

"ஒரு கிலோ," என்றாள் அக்கா. "ஒரு கிலோ இருக்கும்."

மகளுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. இரண்டு உடுப்பில் ஒன்றை மட்டும் அவர் காலி செய்திருக்கிறார். புதனும் வெள்ளியும் முழு உடுப்பு. திங்கட்கிழமை காலி உடுப்பு. சிஸ்டர் தாளைப் பார்த்து வழக்கம்போல் இரண்டு கிலோ கழிப்பார். முள் ஒரு கிலோ குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டிய அந்த ஒரு கிலோத் தண்ணீரை மெஷின் எடுக்காமல் அவருக்குள்ளேயே விட்டுவிடும். புதன்கிழமை கொஞ்சம், வெள்ளிக்கிழமை கொஞ்சம் என்று பாதிதான் வெளியே வரும். மூன்று வாரம் அப்படி மிஞ்சியதோடு நடமாடியிருக்கிறார். படிக்கட்டில் நின்று சுவரைத் தடவியது மூச்சு வாங்கத்தான்.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்காகத்தான்மா. என் பீஸுக்காக."

அக்கா சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் அப்படி நினைக்கவில்லை. மூன்று வாரம் "யோசிக்கிறேன்" என்று சொன்னது யார்? அந்த வார்த்தையை அவர் எப்படிக் கேட்டிருப்பார்?

இரண்டு நாள் கழித்து அவரை வார்டுக்கு மாற்றினார்கள். ஆறு கட்டில்கள். அவருடையது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். உடுப்பு விஷயம் தெரிந்து ஒல்லி டாக்டர் வந்தார். திட்டுவார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இதயம் முன்ன இருந்ததுல பாதிதான் வேலை செய்யுது. இது திரும்பி வருமான்னு சொல்ல முடியாது. இனிமே வாரத்துக்கு நாலு தடவை மெஷின். பயணம் கிடையாது. மெஷின் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, எந்தக் கப்பலுக்கும் நான் லெட்டர் தர முடியாது."

அவர் போனதும் மகள் எழுந்து வெளியே போனாள். அழத்தான் போகிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பெயின்டர் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினார். "கோவமா?"

"பஞ்ச எங்க வச்சிருக்கீங்க?"

"தலையணைக்குள்ள."

"அதான் உசரமா இருந்துச்சா?"

"ரெண்டும் சரியாப் போச்சு. உசரமா வெச்சாத்தான் படுக்க முடிஞ்சுது." அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அக்கா நெஞ்சைத் தடவிவிட்டாள். எலும்பு கையில் பட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பிரீமியத்துக்குக் கட்டியிருப்ப."

"கட்டியிருந்தா என்ன?"

அவர் கூரையைப் பார்த்தார். அங்கேயும் பெயின்ட் உரிந்திருந்தது.

"பத்து மாசம் நீ குனிஞ்சு தைக்கிறது. அத எடுத்து என்மேல போடறதுக்கு நான் என்ன அவ்வளவு பெறுவனா? நீயே மூணு வாரம் யோசிச்ச. யோசிக்க வேண்டிய விஷயமாத்தானே இருந்துச்சு? தப்புன்னு சொல்லலம்மா. நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்."

அதில் குற்றச்சாட்டு ஒரு துளியும் இல்லை. ஒரு சுவருக்கு எத்தனை கோட்டு பெயின்ட் வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவளை அறுத்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். "அப்படியெல்லாம் இல்லங்க," என்று ஆரம்பித்தாள். ஆனால் அவள் யோசித்தது உண்மை. ஒரு பக்கம் ஆறு மாத உழைப்பு, இன்னொரு பக்கம் இவர் என்று வைத்து, எது கனம் என்று மூன்று வாரமும் பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. அவள் மனசுக்குள் மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தாள். அவர் பக்கத்திலேயே நின்று அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போன் அடித்தது. கப்பல் கம்பெனி நம்பர். வார்டில் பேசக்கூடாது என்று வராந்தாவுக்கு வந்தாள். அங்கே மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு நல்ல செய்தி! அன்னிக்குத் திடீர்னு கிளம்பிட்டீங்களே. பிரீமியம்ல ரெண்டு ரூம் நிக்குது, நிரம்பல. அதனால விலையக் குறைச்சிட்டாங்க. இப்ப சாதாரணத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி. நீங்க ரொம்ப யோசிச்சுட்டிருந்தீங்கல்ல, அதான் முதல்ல உங்களுக்கே கூப்பிட்டேன்."

"எவ்வளவு கம்மி?"

அந்தப் பெண் தொகையைச் சொன்னாள். அக்காவின் ஒரு மாத வருமானம்கூட இல்லை. ஒரு மாதச் சீருடைப் பேன்ட்டுகள், அவ்வளவுதான்.

"இல்லம்மா, அவருக்கு முடியல. ஆஸ்பத்திரியில இருக்கோம். டாக்டர் எந்தக் கப்பலுக்கும் லெட்டர் தர மாட்டேன்னுட்டாரு."

"அய்யய்யோ, சாரி மேடம்." அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அவள் கெட்டவள் இல்லை, அவள் வேலை அப்படி. "அப்ப... மத்த ரெண்டு பேருக்கு மட்டும் போட்டுடலாமா மேடம்?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படி அணைப்பது என்பதே மறந்துபோனதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து வாங்கி அணைத்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்லப்போற?"

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மகளின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "நீ கம்முனு வா," என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பெயின்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, கப்பல்காரங்களா? என்னவாம்?"

"பிரீமியம் வில ஏறிடுச்சாம்."

"ஏறிடுச்சா?" தலையைத் தூக்கப் பார்த்தார். "எவ்வளவு?"

"அன்னிக்குச் சொன்னதுக்கு டபுளு. ஆளுங்க முண்டியடிச்சு வாங்குறாங்களாம். நாம அன்னிக்கே கட்டியிருந்தாலும் இப்ப மேல குடுன்னு கேட்டிருப்பாங்களாம்."

பொய் என்று மகளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றார் அவர். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. கண்ணில் பழைய துள்ளல் ஒரு நொடி வந்து போனது. "நான் சொன்னேன்ல? அவனுங்க அப்படித்தான். நல்லவேள, நாம மாட்டல."

"ஆமாங்க," என்றாள் அக்கா. "நல்லவேள."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்க்கின் உள்பக்கம் மூச்சு வெள்ளையாகப் படிந்து மறைந்தது, மறுபடி படிந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்தது வர முன்னைவிடக் கொஞ்சம் நேரம் ஆவதுபோல் அவளுக்குத் தோன்றியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஜிப் இல்லாத ஆஸ்பத்திரிச் சட்டையின் கையை அவர் தோள் வரை மெல்லச் சுருட்டி ஏற்றினாள். சிஸ்டர் ஊசியோடு வந்துகொண்டிருந்தார்.